ஜி மைனரில் விலகிய சுண்டு விரல்

என் நோயின் முதல் அறிகுறிக்குப் பாராட்டு கிடைத்தது. அதனால்தான் அதை நோய் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. உங்களில் யாருக்காவது விரல் நுனி மரத்துப்போய், தானாகச் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. எனக்கும் எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். அதனால் ஒரு விரலும் நிமிரவில்லை.

யுத்த காலத்தில் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலின் நடன பாண்டில் நான் கிதார் வாசித்தேன். என் பெயர் ஞானமுத்து. வீடு தாராவியில். அப்பா தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். கோயிலில் ஞானப்பாட்டுகளுக்கு வாசித்துப் பழகிய கிதார் எனக்கு ஹோட்டலில் சோறு போட்டது. பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் ஆடித் தீர்த்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேநீர் நடனத்துக்கு நிற்க இடம் இருக்காது.

பாண்டு மாஸ்டர் பெர்னார்ட் கோவாக்காரர். ட்ரம்பெட் வாசிப்பார். பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவார். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். கிதார்காரனை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. தப்பாக வாசித்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

பின்னால் வருவது புரிவதற்காகக் கொஞ்சம் சங்கீதம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஸ்வரங்களை ஒன்றாக மீட்டினால் கார்டு. நம் கணக்கில் ச, க, ப என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள காந்தாரத்தை ஒரு படி கீழே இறக்கினால் மைனர் கார்டு. கலகலப்பாக இருந்த வீட்டில் யாரோ ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கும். அந்த ஒரு படிதான் வித்தியாசம்.

ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் வசதியான சுருதியில் வாசிக்கும்போது கிதாரில் சும்மா விட்ட தந்தி உதவாது. உதாரணமாக ஜி மைனர். ஆள்காட்டி விரலை மூன்றாம் மெட்டில் (தந்தி அழுத்தப்படும் உலோகப் பட்டை) ஆறு தந்திகளுக்கும் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். ஐந்தாம் மெட்டில் மோதிர விரல் ஐந்தாம் தந்தியையும் சுண்டு விரல் நான்காம் தந்தியையும் அழுத்த வேண்டும். நடு விரலுக்கு வேலை இல்லை. அது மூன்றாம் தந்தியில் இறங்கினால் மேஜர், விலகினால் மைனர். சுண்டு விரல் தாங்குவது மேல் ஷட்ஜத்தை. வேகமான மேஜர் பாட்டுகளுக்கு நான் சுண்டு விரல் தேவைப்படாத சின்னப் பிடிப்பு பிடிப்பேன். மெதுவான மைனர் பாட்டுகளுக்குத்தான் ஆறு தந்தியும் முழுசாகக் கேட்க வேண்டும் என்று பெர்னார்ட் பிடிவாதம் பிடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில் அவர் திரும்பிப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் அருகில் வந்தார்.

“அரே ஞானா, அந்த மைனரில் என்ன போட்டாய்?”

“ஏன் மாஸ்டர், தப்பா?”

“தப்பா? புகை மாதிரி இருக்கிறது. இனிமேல் அதையே போடு.”

நான் என்ன போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஓரமாகப் போய் ஜி மைனரைப் பிடித்துப் பார்த்தேன். என் சுண்டு விரல் தந்தியின்மேல் இல்லை. மற்ற விரல்களை விட்டு விலகி, காற்றில் நின்றது. அதனால் நான்காம் தந்தி ஆள்காட்டி விரலுக்குக் கீழேயே ஒலித்தது. ஷட்ஜம் கேட்க வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு படி கீழே உள்ள கைசிகி நிஷாதம் கேட்டது. மைனரின் துக்கத்தோடு இன்னொரு மழுப்பலான இனிப்பும் சேர்ந்துகொண்டது.

திரும்பி வந்து, “புதுசாக ஒன்று முயற்சி செய்தேன் மாஸ்டர்” என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். விரல் கேட்க மாட்டேன் என்கிறது என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் திட்டியிருப்பார். அடுத்த நாளே டாக்டரைப் பார்க்க ஓடியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் அந்தக் கார்டு பாண்டுக்கே அடையாளமாகிவிட்டது. சாக்ஸபோன்காரர் தன் வரிகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். மற்ற ஹோட்டல் ஆட்கள் வந்து என் கையை உற்றுப் பார்த்தார்கள். மேடையில் என் நாற்காலியைப் பின்வரிசையிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். வீட்டில் தனியாக இருக்கும்போது அந்த விரலை நான்காம் தந்தியில் வைத்துப் பார்ப்பேன். வைத்த உடனே நழுவும். வலது கையால் பிடித்து அழுத்தினால் அழுந்தியது தெரியாது. பழக்கம் விட்டுப்போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடது முன்கையில் ஒரு வெளிறிய படை இருந்தது. தேமல் என்று என் மனைவி எஸ்தர் கந்தக சோப்பு வாங்கி வந்தாள். தேய்த்துக் குளித்தேன். படையில் அரிப்பும் இல்லை, சொரணையும் இல்லை. தொந்தரவு இல்லாத படை என்று அதில் எனக்கு ஒரு திருப்திகூட.

ஒரு காலையில் அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கினேன். தேநீர் குடித்து முடித்தபிறகு எஸ்தர்தான் பார்த்தாள்.

“ஏங்க, விரலப் பாருங்க. இம்புட்டுப் பெரிய கொப்புளம். சுட்டது தெரியலையா உங்களுக்கு?”

“தந்திய அமுக்கி அமுக்கிக் காச்சுப் போயிருக்குட்டி. எங்க சுடும்?”

“தந்தி படுத நுனி வேற, இது பக்கவாட்டுல்லா இருக்கு? டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லுதேன்.”

“ஒரு கொப்புளத்துக்கு டாக்டரா?” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஓட்டினேன். மோதிர விரலும் மடங்கத் தொடங்கி, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போன பிறகுதான் மாதுங்காவில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பெயர் வெங்கடேசன் என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுப் பக்கத்தவர். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“கண்ண மூடிக்கோங்கோ. பஞ்சால தொடுவேன். பட்டா, பட்ட எடத்த வலது கையால காட்டணும்.”

மூடிக்கொண்டேன். சில இடங்களைக் காட்டினேன். பிறகு அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல் இருந்தது. பேனாவைத் தேடுகிறாரோ என்று காத்திருந்தேன்.

“மிச்சத்தையும் தொடலாம் டாக்டர்” என்றேன்.

“தொட்டு முடிச்சாச்சு. நாலு தடவ தொட்டாச்சு.”

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டு விரலின்மேல்தான் இருந்தது.

பிறகு முழங்கைக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு (சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது, உள்ளங்கையின் சிறு தசைகளை ஆட்டுவதும் இதுவே) என் கையில் பென்சில் கனத்துக்குத் தடித்திருந்தது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். நானே தொட்டுப் பார்த்தேன். என் உடம்பில் எனக்குத் தெரியாமல் அப்படி ஒன்று வளர்ந்திருந்தது.

“குஷ்டம்” என்றார். (தொழுநோய். கிருமியால் வருவது. தோலையும் நரம்பையும் பிடிக்கும். பாவத்தால் வருவதல்ல, பெற்றவர் வழியாக இறங்குவதும் அல்ல. என்னுடையது நரம்பு வகை. மற்றவருக்குத் தொற்றும் என்கிற அச்சம் மிகக் குறைவு.) அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் அவர் அன்றைக்கே பொறுமையாகச் சொன்னார். என் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. கோயிலில் வேதம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த சொல் அது. பாளயத்துக்குப் புறம்பே நிறுத்தப்படுகிறவனின் பெயர்.

“எத்தன நாளா விரல் இப்படி ஒதுங்கி நிக்கறது?”

கார்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சங்கீதம் தெரியும். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

“ஷட்ஜம் போய் நிஷாதம் நின்னுண்டிருக்கு. ஒத்தருக்கும் சந்தேகம் வரலியா?”

“எல்லாருக்கும் பிடிச்சிருந்தது டாக்டர்.”

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். “ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கப்படாதோ? அந்த நரம்ப நம்ம காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப வியாதிய நிறுத்தப் பாக்கலாம். போன நரம்பத் திருப்பித் தரேன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

வீட்டில் சொன்னேன். எஸ்தர் அழவில்லை. மூன்று நாள் எனக்குத் தனித் தட்டு வைத்தாள். நான்காம் நாள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்யாணில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

“கோவப்படாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. பயத்த வச்சுக்கிட்டு உங்களுக்குச் சோறு போட எனக்கு முடியாது” என்றாள்.

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். “டாக்டருக்கு என்ன, அவரா வந்து நம்ம வீட்ல இருக்கப் போறாரு?” என்றாள். நோயாளிகளின் மனைவிமார் அரவணைத்துக் காப்பாற்றிய கதைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். பயந்து போகிறவர்களும் உண்டு. அவர்களைக் கெட்டவர்கள் என்று எழுத இப்போதும் என் மனம் ஒப்பவில்லை. அன்றைக்கு மட்டும் வாயில் வந்தபடி ஏசினேன்.

நகரத்துக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு ஊசி. நீரடிமுத்து எண்ணெய் (ஒரு காட்டு மரத்தின் விதையிலிருந்து எடுப்பது, இந்த நோய்க்கு அதுவரை இருந்த ஒரே மருந்து) கெட்டியாக இருக்கும், ஊசி வழியாக இறங்க நேரம் எடுக்கும். போட்ட இடம் கட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார விடாது. தாழ்வாரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு விரல்களே இல்லை. முதல் நாள் நான் அவர்களிடமிருந்து இரண்டு கை தள்ளி உட்கார்ந்தேன். நான் அந்த ரகம் இல்லையாம். டிராமில் என் கையைப் பார்த்து பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து விலகி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மறுவாரம் தள்ளி உட்காரவில்லை.

ஹோட்டலுக்கும் விஷயம் எட்டியிருந்தது. மேனேஜர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். தொற்று அபாயம் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை அவர் கையால் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லிக் குனிந்து படித்தார். “ரொம்ப வருத்தம்” என்றார். என் நாற்காலியைக் கழுவச் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மனம் கேட்காமல் அந்த ஹோட்டலுக்குப் போனேன். பழைய சமையல்காரர் ஒருவர் தயவால் சமையலறைக் கதவோரம் நிற்க முடிந்தது. என் இடத்தில் தியாகோ என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாசித்துக்கொண்டிருந்தார். மெதுவான பாட்டு வந்தது. ஜி மைனர். அவருடைய சுண்டு விரல் மற்ற விரல்களை விட்டு விலகிக் காற்றில் நின்றது.

நல்ல விரல். ரத்தமும் சொரணையும் உள்ள விரல். என் விரலைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது.

இடைவேளையில் தியாகோவும் பெர்னார்டும் கதவருகே வந்தார்கள். பெர்னார்ட் என்னைக் கண்டதும் கை நீட்டப் போய், பாதியில் அதைத் தலைமுடிக்குக் கொண்டுபோனார்.

“உன் கார்டை விடவில்லை பார்த்தாயா? ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள்” என்றார்.

“அது கார்டு இல்லை மாஸ்டர். அதுதான் என் வியாதி. விரல் செத்துக்கொண்டிருந்த சத்தம் அது” என்றேன்.

தியாகோ தன் இடது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பார்த்ததால் ஒட்டிக்கொண்டதுபோல் இரண்டு முறை துடைத்தார். இடைவேளைக்குப் பின் வந்த முதல் மைனரில் அவர் சுண்டு விரலைத் தந்திமேல் ஊன்றி அழுத்தினார். சுத்தமான ஜி மைனர். பெர்னார்ட் உடனே திரும்பிப் பார்த்து, கண்ணால் மேலே காட்டினார். விரல் எழும்பிவிட்டது. பாட்டு தொடர்ந்தது. நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அதன்பின் ஸல்போன் மாத்திரை வந்தது (ஊசி எண்ணெய்க்குப் பதிலாக வாயால் விழுங்கும் புது மருந்து, கிருமி பெருகுவதை நிறுத்துகிறது). முதல் சில மாதம் ரத்தம் குறைந்து வெளுத்துப்போனேன். ஒருமுறை நரம்பு மறுபடி வீங்கி (மருந்தின்போது உடம்பு கிருமியோடு சண்டை போடுவதால் வருவது) பத்து நாள் கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டேன். பிறகு அடங்கிற்று. படை நிறம் மாறியது. புது இடம் எதுவும் மரக்கவில்லை. “வியாதி நின்னுடுத்து. மாத்திரைய மட்டும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தப்படாது” என்றார் வெங்கடேசன். நான் கையை நீட்டினேன். “அது அப்படியேதான் இருக்கும்” என்றார். இதற்குப் பெயர்தான் குணமாவது.

எஸ்தர் கல்யாணுக்குப் போய் எட்டாம் மாதமே திரும்பி வந்திருந்தாள். ஏன் போனாய் என்று கேட்டுச் சண்டை போட்ட எனக்கு, ஏன் வந்தாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வந்த அன்றே தனித் தட்டை மற்ற பாத்திரங்களோடு போட்டுக் கழுவினாள். மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் என் இடது கையை வெளிச்சத்தில் பிடித்து வெட்டு, சூடு, கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். டாக்டர் சொன்ன வேலை. பேசாமல் செய்வாள்.

கிதாரை விற்க மனம் வரவில்லை. ஒரு நாள் தந்திகளைக் கழற்றி, தலைகீழாக மாற்றிக் கட்டினேன். வலது கையால் அழுத்துவது, இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவது. அந்த இரண்டு விரல்களும் நோய்க்குத் தப்பியவை. முப்பத்திரண்டு வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். வலது விரல் நுனிகள் கொப்புளித்து, பிய்ந்து, எரிந்தன. அந்த எரிச்சலைப் போல் ஒரு சந்தோஷத்தை நான் மேடையில்கூட அனுபவித்ததில்லை. வலிக்கிற விரல் உங்களுக்கு இருந்தால் அதற்கு நன்றி சொல்லுங்கள். மரத்த விரல் இருந்தால் இன்றைக்கே, இதைப் படித்து முடிக்கும் முன்பே, எழுந்து டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட நேரம் பிறகு இருக்கிறது.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலை, ஆறு தந்தியும் தெளிவாக ஒலிக்க ஜி மைனர் விழுந்தது. சுண்டு விரல் அதன் இடத்தில். ஷட்ஜம் அதன் இடத்தில். இரண்டாம் முறையும் மீட்டினேன். எஸ்தர் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“வெறும் அழுகையா இருக்கு. முன்ன வாசிப்பீங்கல்லா, அதுல ஒரு இது இருந்துச்சு.”

அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் ஹோட்டல்காரர்கள்மேலும் பெர்னார்டின்மேலும் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. செம்பூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போனபோதும் அப்படித்தான், “நீங்கள் அந்த ஹோட்டலில் வாசித்தவர்தானே, அந்த மைனர் வருமா?” என்று ஒருவர் கேட்டார். வராது என்றேன். நல்ல விரலைத் தூக்கினால் வரும். நான் தூக்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இப்போது என் நாள் காலை, மாலை என்று இரண்டு சோதனைகளுக்கு நடுவில் கிடக்கிறது. வலது கை என்னுடையது. அதற்குச் சூடு, குளிர், வலி எல்லாம் உண்டு. இடது கை நான் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒருவர். அவருக்கு என்ன நடந்தாலும் எனக்குத் தகவல் வராது. அடுப்பருகே போகும்போது அவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் தேடுகிறேன்.

போன வாரம் அறுந்த எஃகுத் தந்தியின் துண்டு ஒன்று இடது மோதிர விரலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியதோ தெரியாது. மாலைச் சோதனையில் எஸ்தர் கண்டுபிடித்தாள். ஊசியால் நெம்பி எடுத்தாள். நான் யாருக்கோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வந்ததும் அவள் முகம் சுளித்தது.

“வலிக்கா?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

“வலிக்கி” என்றேன்.

அவள் என் விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். கன்னம் உப்பி அடங்குவதைப் பார்த்துத்தான் ஊதுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

“இப்ப?”

“இப்ப கொறஞ்சிருக்கு” என்றேன்.